முழங்கையில் சுற்றிய வயர்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பெருக்குகிறவள் பூரணம். அங்கே மேனேஜர் கோமதிநாயகம். மண்டபமே தன் தோளில்தான் நிற்கிறது என்று அவருக்கு நினைப்பு. எக்ஸ்டென்ஷன் வயர்களை முழங்கையில் சரசரவென்று சுற்றி சாமான் அறையில் எறிவதும் அவர்தான்.

ஒருநாள் காலை சீரியல் லைட் போட வயரை எடுத்தால், அத்தனையும் ஒரே சிக்கல். இரண்டு வயரைப் பிரிப்பதற்குள் எலக்ட்ரீஷியனுக்கு வியர்த்துவிட்டது. முதலாளியம்மா வந்து முறைத்தாள்.

"நான் ஒழுங்காத்தான் சுத்தி வச்சேம்மா. பெருக்குறேன்னு போய் இந்தப் பூரணம்தான் கலைச்சிருக்கா. இவளை வேலையை விட்டு அனுப்புங்க!" என்றார் கோமதிநாயகம்.

பூரணம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பணிவாகவே கேட்டாள்: "அய்யா, பிரிச்ச வயர்ல ஒண்ணை நீங்க சுத்துங்க, ஒண்ணை நான் சுத்துதேன். நுனியைப் பிடிச்சுக்கிட்டு வீசிப் பாப்போமா? எது சிக்குதுன்னு தெரிஞ்சிரும்."

அவர் வழக்கம்போல் முழங்கையில் சுற்றினார். அவளோ ஒரு வளையத்தை நேராகவும் அடுத்ததை உள்பக்கம் திருப்பியும் மாற்றி மாற்றிப் போட்டு வீசினாள். வயர் சமையல்கட்டு வாசல்வரை நேராக ஓடியது.

கோமதிநாயகம் வீசியது பாதியிலேயே முறுக்கி முடிச்சு விழுந்தது. வெடுக்கென்று இழுத்தார். வயர் அவர் காலையும் வேட்டியையும் சேர்த்துச் சுற்றிக்கொள்ள, தொப்பென்று உட்கார்ந்தார்.

"நான் கிட்டவே போகலம்மா!" என்று பூரணம் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

மண்டபமே சிரித்தது. முதலாளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இனிமே வயரெல்லாம் உன் பொறுப்பு பூரணம். முதல்ல இந்த மேனேஜரைப் பிரிச்சு எடு!"