அழுங்குக்குச் செம்புச் செதில் வந்த கதை

விலங்குகளின் பேச்சு மனிதருக்கும் புரிந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கூத்தையன், பேச்சி என்று நகை செய்யும் கணவன் மனைவி இருந்தார்கள். கூத்தையன் தகட்டை அரக்கில் ஒட்டி, மழுங்கிய உளியால் பின்பக்கம் தட்டித் தட்டிப் பூவும் கொடியும் புடைத்தெழ வைப்பான். பேச்சி வெறும் தகட்டைப் புளியமரக் கட்டையில் வெட்டிய குழியச்சில் வைத்து, உருண்டைக் கட்டையால் அடித்துக் கிண்ணம்போலக் குவித்துவிடுவாள். அவன் செய்யும் தோடு அழகுதான், ஆனால் தட்டை. அவள் செய்வது எடுப்பாக நிற்கும், ஆனால் மொட்டை. ஒருமுறை இரண்டையும் சேர்க்கப் பார்த்தார்கள். அவன் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து புடைத்த பூ, அவள் அச்சில் வைத்து அடித்ததும் இதழ் இதழாக நசுங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு ஒருவர் தகட்டை மற்றவர் தொடுவதில்லை.

ஒரு கோடைக் காலையில் எறும்புதின்னி என்கிற அழுங்கு ஒன்று அவர்களைத் தேடி வந்தது. அப்போது அழுங்குக்குச் செதில் கிடையாது, வெறும் தோல்தான். எறும்புதான் அதற்கு ஆகாரம். ஆனால் புற்றைத் தோண்டினால் எறும்புகள் உடம்பெல்லாம் ஏறிக் கடித்துவிடும். அப்படிக் கடிபட்டே மூன்று குட்டிகளைப் பறிகொடுத்துவிட்டதாகவும், முதுகில் இருப்பது நான்காவது என்றும் சொல்லி, தங்கள் இருவருக்கும் ஒரு கவசம் வேண்டும் என்று கேட்டது.

கூத்தையன் செம்புத் தகடுகளில் வரிவரியாகப் புடைத்துக் கொடுத்தான். உடம்பு வளையும் இடமெல்லாம் தகடு தூக்கிக்கொண்டு நிற்க, எறும்புகள் உள்ளே புகுந்துவிட்டன. பேச்சி குவித்த மொட்டைத் தகடுகள் உடம்போடு ஒட்டின, ஆனால் வரி தரும் உறுதி இல்லாததால் பாறையில் உரசியதுமே நெளிந்தன. வரியும் வேண்டும், வளைவும் வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சி வரியிட்ட தகட்டை அச்சில் வைத்தாள். ஆனால் கட்டையை ஓங்க அவளுக்குக் கை வரவில்லை.

"மறுபடியும் நான்தான் கெடுப்பேன்," என்றாள்.

அழுங்கு குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, தன் வாலைக் கொண்டுவந்து தகட்டின்மேல் வைத்தது. "அடி என்மேல் விழட்டும், அம்மா. இந்தக் குட்டி பிழைத்தால் போதும்."

பேச்சி கூத்தையனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தாள். அழுங்கு முனகிக்கொண்டே வாலை எடுத்தது. தகடு குழிக்குள் பாங்காக இறங்கியிருந்தது. ஒரு வரிகூட நசுங்கவில்லை. மெத்தென்ற சதை மேடு பள்ளத்துக்கெல்லாம் இணங்கிக் கொடுத்து, அடியின் வேகத்தை மட்டும் கீழே அனுப்பியிருந்தது.

அடுத்த தகட்டுக்கும் அழுங்கு வாலை நீட்டியது. பேச்சி மெல்ல அதை விலக்கிவிட்டாள். கூத்தையன் எழுந்துபோய், உலை ஊத இருந்த ஒரே துருத்தியின் தோலை அறுத்து, நான்காக மடித்துத் தகட்டின்மேல் வைத்தான்.

"இனி இது வாங்கட்டும் அடியை," என்றான்.

அவன் வரியிட, அவள் வளைக்க, ஏழு நாளில் தாய்க்கும் குட்டிக்கும் தலையிலிருந்து வால் நுனிவரை செதில் ஏறியது. காட்டுக்குப் போகிற வழியிலேயே தாய் ஒரு புற்றைத் தோண்டிவிட்டு, குட்டியை வயிற்றோடு அணைத்துச் சுருண்டது. எறும்புகள் மேலெல்லாம் ஓடிப் பார்த்து, நுழைய இடமில்லாமல் இறங்கிப்போயின. உள்ளே குட்டி தூங்கிவிட்டது.

மறுநாள் கூத்தையன் வெள்ளித் தகட்டில் எருக்கம்பூ ஒன்றைப் புடைத்து, பேச்சியின் பக்கம் நகர்த்தினான். அவள் தோலை வைத்து அடித்தாள். பூ அப்போதுதான் விரிந்ததுபோலக் குவிந்து எழுந்தது. அந்த முதல் தோட்டை அவள் விற்கவில்லை, தன் காதிலேயே போட்டுக்கொண்டாள்.

அழுங்கின் செதில் வரியோடு வளைந்திருப்பதும், நகை செய்கிறவர்கள் பூவை முதலில் புடைத்து, தோலை இடையில் வைத்து, அதற்குப் பிறகே அச்சில் அடிப்பதும் அந்தக் கோடையில் தொடங்கியதுதான்.