ஆற்றைக் கடக்காத கருப்பட்டி வியாபாரி

அந்தக் கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். இப்போதும் அங்கே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணினி விளையாட்டு வடிவமைப்பு என்ற படிப்பில் இசக்கியப்பன், ஜெபசிங், நாச்சியார் என்று மூன்று பேர். மூன்று வருஷத்தில் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. அப்படியும் மண்டையில் ஒன்றும் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசிப் பருவத்தில் சொந்தமாக ஒரு விளையாட்டு செய்து காட்டினால்தான் பட்டம். செய்தார்கள். தலையில் கூடையோடு ஒரு கருப்பட்டி வியாபாரி கல்லுக்குக் கல் தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். என்ன அதிசயமோ, வியாபாரி தாவவும் செய்தான்.

துறைத்தலைவி தனபாக்கியம் மேடம் பார்த்தார். "மரத்துக்கு நிழலே இல்லையேப்பா. நிழல் விழணும். பின்னணியையும் மாத்துங்க."

மூவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் கேன்டீன் பக்கத்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள்.

"நிழல் விழுதா?" என்றான் இசக்கியப்பன்.

"பாதி ஸ்கிரீன்லதான் விழுது" என்றான் ஜெபசிங்.

"முழுசா விழணும்னு மேடம் சொல்லலையே" என்று தீர்ப்புச் சொன்னாள் நாச்சியார். "பின்னாடி அங்க சுவரு இருந்துச்சு, இங்க மைதானம். பின்னணியும் மாறிடுச்சு."

வேலை முடிந்த களைப்பில் ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள்.

மறுநாள் மேடம் விளையாட்டைத் திறக்கவே கால்மணி நேரம் ஆனது. "ரொம்ப வெயிட்டா இருக்கு. பாதியா குறைச்சுக் கொண்டுவாங்க."

மளிகைக்கடைத் தராசில் லேப்டாப்பை வைத்தார்கள். இரண்டு கிலோ நானூறு கிராம்.

"கூடையில கருப்பட்டி இருக்குல்ல, அதான் கனம்" என்றான் இசக்கியப்பன்.

விளையாட்டிலிருந்து கூடையை அழித்துவிட்டு மறுபடி நிறுத்தார்கள். அதே இரண்டு கிலோ நானூறு.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"வெறுங்கூடையைத்தான் சுமந்திருக்கான்" என்றாள் நாச்சியார் கடைசியில். "திருட்டுப் பய."

வேறு வழியில்லாமல் பேட்டரியைக் கழற்றி, மேல்மூடி கீழ்மூடியெல்லாம் பிரித்தெடுத்து, கடைக்காரர் முன்னிலையில் ஒரு கிலோ இருநூறுக்குக் கொண்டுவந்தார்கள்.

தேர்வன்று வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். குடல் சரிந்ததுபோல் வயர் தொங்க, பேட்டரியில்லாமல் சார்ஜரில் ஓடிய லேப்டாப்பைப் பார்த்துத் தயங்கி, ஒரு விரலால் பட்டனை அழுத்தினார். வியாபாரி இரண்டாவது கல்லில் வழுக்கி ஆற்றில் விழுந்தான். திரை கறுத்துப்போனது.

"சரி, திரும்ப ஆரம்பிங்க."

"எப்படி சார்? செத்துட்டானே" என்றான் இசக்கியப்பன்.

"அடுத்த உயிர் இருக்கும்ல?"

"மனுஷனுக்கு எத்தனை உயிர் சார் இருக்கும்?" என்று பரிதாபமாகக் கேட்டான் ஜெபசிங்.

வியாபாரி செத்தால் மொத்த விளையாட்டும் அழிந்துபோகும்படி எழுதி வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதியதில் அது ஒன்றுதான் பிழையில்லாமல் வேலை செய்தது.

தேர்வாளர் எழுந்துவிட்டார். மேடம் கெஞ்சிக் கூத்தாடியதில் கொஞ்சம் இறங்கி வந்தார். "நாளைக்கு வேற ஏதாவது செஞ்சு காட்டட்டும். எப்படி இருந்தாலும் பாஸ் போட்டுடறேன்."

மூவரும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குசுகுசுவென்று பேசிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"நாளைக்கு முடியாது சார்" என்றான் இசக்கியப்பன். "பதினாறு கழியாம வேலையத் தொடமாட்டோம்."

மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். தேர்வாளர் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நாச்சியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"சார், கடைசியா அவன்கூட இருந்தது நீங்கதான். சாகுறப்ப ஏதாவது சொன்னானா?"