முதல் பிடி சேறு

காட்டின் நடுவே ஓர் அல்லிக்குட்டை. குட்டையின் நடுவே ஒரு சின்ன மேடு. அந்த மேட்டில், கோரைப்புல்லுக்குள் கூடு கட்டி, ஒரு நீர்க்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கரையில் திரிந்த நரிக்கு அந்த முட்டைகள் மேல் ஒரு கண். ஆனால் தண்ணீர் என்றால் நரிக்கு ஆகாது. காலில் பட்டாலே உதறிக்கொண்டு ஓடிவிடும். அதனால் நீர்க்கோழி நிம்மதியாக இருந்தது.

கோடை வந்தால் குட்டையின் ஊற்றுக்கண்ணைச் சேறு அடைத்துவிடும். வருடாவருடம் நண்டு, ஆமை, நீர்க்கோழி மூன்றும் சேர்ந்து அதைத் தூர்வாரும். யார் முதலில் எழுந்து வருகிறாரோ அவர் முதல் பிடி சேற்றை அள்ளிப் போடுவார். மற்றவர்கள் தொடர்வார்கள். அவ்வளவுதான் வழக்கம்.

இந்த வருடம் நரி வந்து கரையில் உட்கார்ந்தது.

“முதல் பிடி சேறுன்னா சும்மாவா? அதுக்கு ஒரு தகுதி வேணாமா? இந்த உலகத்தை உண்டாக்கினது யாரோட பாட்டனோ, அவங்கதானே அள்ளணும்?”

இதுவரை யாருக்கும் தோன்றாத கேள்வி. கேட்டதுதான் தாமதம், எல்லோருக்கும் பதில் தயாராக இருந்தது.

“அப்படின்னா நான்தான் அள்ளணும்,” என்றது ஆமை. “ஆதியில எங்க பாட்டன் முதுகை நீட்டினாரு. அதுமேலதான் இந்த உலகமே உட்கார்ந்திருக்கு. அவர் லேசா அசைஞ்சா போதும், பூமி நடுங்கும்.”

“உட்கார மண்ணு எங்கேருந்து வந்துச்சாம்?” நண்டு கொடுக்கை ஆட்டியது. “அப்போ எங்கே பார்த்தாலும் தண்ணிதான். எங்க பாட்டன் அடியில முங்கி ஒரு துளி சேறு கொண்டு வந்தாரு. அதுதான் வளர்ந்து வளர்ந்து காடு, மலை எல்லாம் ஆச்சு.”

நீர்க்கோழியாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. “ரெண்டு பேரும் நல்லா கதை விடுறீங்க. முதல்ல இருந்தது ஒரு முட்டை. எங்க பாட்டி இட்டது. அது உடைஞ்சுது. மேல் ஓடு வானம், கீழ் ஓடு பூமி, மஞ்சள் கரு சூரியன். தலையைத் தூக்கிப் பாருங்க, தெரியும்.”

நரி தாடையைத் தடவிக்கொண்டது. “மூணுமே பிரமாதம்! இதை அவசரப்பட்டுத் தீர்க்க முடியாது. தினமும் சாயங்காலம் வரேன். கேட்டுட்டுத் தீர்ப்பு சொல்றேன்.”

வந்தது. தினமும் கேட்டது, தினமும் தலையாட்டியது. தீர்ப்பு மட்டும் வரவே இல்லை. ஆமையும் நண்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நீர்க்கோழியோ அடைகாக்கும் நேரத்திலும் மறுநாள் என்ன வாதாடலாம் என்றே யோசித்தது. ஊற்றுக்கண் அடைபட்டே கிடந்தது. வெயில் தன் வேலையைப் பார்த்தது.

ஒரு நாள் காலையில் தூர தேசத்திலிருந்து பறந்து வந்த ஒரு நாரை குட்டையில் இறங்கியது. மூவரும் ஓடிப்போய்த் தங்கள் கதைகளைக் கொட்டினார்கள்.

“நான் போற இடமெல்லாம் இப்படி ஒரு கதை இருக்கு,” என்றது நாரை. “பனி நாட்டுல ஒரு காக்காதான் சூரியனைத் தூக்கிட்டு வந்துச்சாம். மணல் நாட்டுல ஒரு சிலந்தி உலகத்தையே நூத்துச்சாம். உங்க கதையும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்கே என் கால் நனையக்கூடத் தண்ணி இல்லையே. நான் வேற குட்டை பார்க்கிறேன்.”

சொல்லிவிட்டுப் பறந்துவிட்டது.

நீர்க்கோழி அப்போதுதான் குனிந்து பார்த்தது. வாடிய அல்லி இலைகள் சேற்றோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றின் நடுவே நரியின் காலடிகள். முதல் நாள் கரையில் உட்கார்ந்த நரி, தண்ணீர் வற்ற வற்ற நாளுக்கு நாள் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது! நேற்று அது உட்கார்ந்த இடத்திலிருந்து கூடு இரண்டு தாவல் தூரம்தான்.

நீர்க்கோழி கூட்டைத் திரும்பிப் பார்த்தது. ‘முட்டைக் கதையைக் காப்பாற்றப் போய் முட்டையையே கோட்டை விட இருந்தேனே!’

அது நேராக நண்டிடம் போனது. “நண்டண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. முதல்ல சேறுதான். உங்க பாட்டன் எப்படி முங்கினாரு? ஊற்றுக்கண் பக்கமா கொஞ்சம் செஞ்சு காட்டுங்களேன்.”

நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. குபுக்கென்று ஈரச் சேற்றுக்குள் முங்கி, கொடுக்கு நிறைய அள்ளிக்கொண்டு வந்தது.

“இதை உங்க பாட்டன் எங்கே வெச்சாரு?”

 அதை நண்டின் வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை.

“ஏன், எங்க பாட்டன் முதுகுலதான்!” ஆமை முண்டியடித்து வந்து முதுகைக் காட்டியது. “வேற யாரு முதுகு தாங்கும்?”

“பின்னே வேற யாரு, ஆமை மாமா?” என்றது நீர்க்கோழி. “அப்படியே கொண்டுபோய் என் மேட்டைச் சுத்திக் கொட்டுங்க. உலகத்துக்கு நடுவுல ஒரு முட்டை இருக்கணும் இல்லையா?”

நண்டு அள்ளியது. ஆமை சுமந்தது. நீர்க்கோழி காலால் மிதித்து மேட்டை உயர்த்தியது. சண்டை ஒன்றும் நிற்கவில்லை. வேலை செய்துகொண்டே சண்டை போட்டார்கள். உச்சி வெயிலில் ஊற்றுக்கண் திறந்துகொண்டது. தண்ணீர் சலசலவென்று ஏறியது. சேற்றில் ஒட்டிக் கிடந்த அல்லி இலைகள் மெல்ல மிதந்தன.

சாயங்காலம் நரி வந்தது. அன்று அதற்குப் பொறுமை இல்லை, பசிதான் இருந்தது. “இன்னைக்குத் தீர்ப்பு சொல்லிடறேன்!” என்றபடி, முட்டைகளை விட்டுக் கண்ணை எடுக்காமல், இலைகள் இன்னும் சேற்றில்தான் கிடக்கின்றன என்று நினைத்து அவற்றின் மேல் பாய்ந்தது.

தொப்பென்று தண்ணீருக்குள் போனது. தோண்டிய பள்ளத்தில் கழுத்து வரை தண்ணீர். நண்டு அதன் வாலைக் கவ்விக்கொண்டது.

“யாரு கதை உண்மைன்னு சொல்லிட்டுப் போங்க, நரியாரே,” என்றது நண்டு.

“எல்லாமே உண்மை! ஐயோ, எல்லாமே உண்மைதான்! வாலை விடு!”

விட்டதும் எடுத்த ஓட்டம்தான். அதன்பின் நரி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

கொஞ்ச நாளில் குஞ்சுகள் பொரிந்தன. நீர்க்கோழி அவற்றுக்கு முட்டைக் கதையைத்தான் சொன்னது. பக்கத்தில் ஆமையும் நண்டும் தங்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள். குஞ்சுகள் மூன்றையும் கேட்டுவிட்டு நீந்தப் போய்விட்டன.

உலகம் எப்படிப் பிறந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்லலாம். அது பிழைத்திருக்க வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்துதான் சேறு அள்ள வேண்டும்.