ஒப்பாரிக்கு முத்திரை வாங்கின கவிராயர்

ஒரே ஒரு ஊர்ல, ஆத்துக்கு அந்தாண்டை, சிலம்பாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் இல்லை. இருந்தது ஒரே மக. அரும்புன்னு பேரு, ஏழு வயசு, கம்பங்காட்டுல குருவி வெரட்டுவா. அந்த அரும்பு மாசிப் பனியில காய்ச்சல் கண்டு, ஒரு நாள் படுத்தா, மறுநாள் பெனாத்துனா, மூணாம் நாள் போயிட்டா. ஏன் போனான்னு என்னைக் கேக்காதீங்க, அதுக்குச் சாமிகிட்டயே பதில் கிடையாது.

சிலம்பாயி சும்மா அழல, பாட்டாக் கட்டி அழுதா.

"குருவி வெரட்டுன கையே, என் கண்ணே
குச்சி ஒடிஞ்சு கெடக்குதடி
கதிரு முத்தி நிக்குதடி, என் கண்ணே
காவலுக்கு யாரிருக்கா?"

அதே ஊர் மேலத்தெருவுல பெத்த தாயைத் தனியா விட்டுட்டு அரமனையோட போயிட்டவரு கொண்டல் கவிராயர். என்னிக்கோ ஒரு நாள் தாயைப் பாக்க வந்தவரு, சிலம்பாயி வேலிக்கு வெளியில நின்னாரு, கேட்டாரு, கேட்டதை அப்படியே ஓலையில கீறிக்கிட்டுப் போயிட்டாரு. எழவு வீட்டுக்குள்ள வந்து ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லல, பாத்துக்கங்க.

அங்க அரமனையில ராணி செத்து, ராசா சோறு தண்ணி இல்லாமக் கெடந்தாரு. கவிராயர் போயி ஓலையைப் பிரிச்சுப் பாடுனாரு. ராசா தேம்பித் தேம்பி அழுதுட்டு, "யாரய்யா கட்டுன பாட்டு?"ன்னாரு.

"அடியேன்தான், மகாராசா."

"என்ன வேணும், கேளும்."

"பொன்னு வேணாம், பூமி வேணாம். இந்தப் பாட்டும் மெட்டும் என் சொத்துன்னு முத்திரை போட்டுத் தரணும். என் உத்தரவு இல்லாம வேற வாய் பாடக் கூடாது."

ராசாவும் முத்திரை குத்துனாரு. ஊர் ஊராத் தண்டோரா போட்டாங்க.

இங்க அரும்பு போயி வருசம் திரும்பப் போவுது. அன்னிக்குச் செத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்களாம். பாட்டுக் கேட்டா உள்ள வருவாங்க, கேக்கலேன்னா மறந்துட்டாங்கன்னு ஒரேயடியாப் போயிடுவாங்க. அந்த ஊர் நம்பிக்கை அது. சிலம்பாயி நடந்தே அரமனைக்குப் போனா.

"ராசா, அது என் பிள்ளைக்கு நான் அழுதது. ஒரு நாள், அந்த ஒரு நாள் பாட விடுங்க."

கவிராயர் சிரிச்சாரு. "நாளைக்கு எருமை வந்து என் பாட்டுன்னு கத்தும், அதையும் கேப்பீங்களா மகாராசா?"

ராசா சொன்னாரு: "ரெண்டு பேரும் மூணு தடவை பாடுங்க. பாட்டைக் கட்டுனவங்களுக்கு அது பிசகாது."

கவிராயர் மூணு தடவை பாடுனாரு, ஒரு எழுத்து மாறல. சிலம்பாயி முதல் தடவை குருவியைச் சொல்லி அழுதா. ரெண்டாந்தடவை, காய்ச்சல்ல கொதிச்ச நெத்தியைச் சொல்லி அழுதா. மூணாந்தடவை வார்த்தையே இல்லை, மாருல அடிச்சுக்கிட்டா.

"என்னம்மா, சொந்தப் பாட்டு உனக்கே தெரியலையே?"

"நெனப்பு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கமா வருது ராசா, நான் என்ன செய்ய?"

சபையே சிரிச்சுது. பாட்டு கவிராயருக்குன்னு தீர்ப்பாச்சு.

வருச நாளும் வந்துச்சு. வாசல்ல அரமனைக் காவக்காரன் நின்னான். சிலம்பாயி முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு, பொழுது சாயிற வரைக்கும் வாசப்படியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா.

அவ வீடு மட்டுமா? நெசவு வீட்டுல தாத்தா செத்தாரு, பாட்டு இல்லை. செக்கு வீட்டுல மருமக செத்தா, பாட்டு இல்லை. கொல்லன் வீட்டுல பச்சப்பிள்ளை செத்துச்சு, அதுக்கும் இல்லை. எல்லா ஒப்பாரியும் அந்த மெட்டுத்தானே? பாடை கிரீச்சுங்குற சத்தந்தான் கேக்கும்.

அப்புறம் ஒரு நாள் கவிராயரைப் பெத்த தாய் செத்தா. பகையாளி வீடானாலும் எழவுக்குப் போகாம இருக்கலாமா? பொம்பளைங்க எல்லாம் போனாங்க, தலையை விரிச்சாங்க, கழுத்தைக் கட்டி வட்டமா உக்காந்தாங்க. வாயை மட்டும் தெறக்கல. ராசாவும் மாலையோட வந்து நின்னாரு.

"ஏன்டி மரமாட்டம் உக்காந்திருக்கீங்க? அழுங்கடி!"ன்னு கத்துனாரு கவிராயர்.

"உங்க சொத்துல நாங்க கை வைக்கலாங்களா சாமி?"ன்னா ஒருத்தி.

"உத்தரவு குடுத்தேன், பாடுங்க!"

சிலம்பாயி தலையை நிமித்துனா. "பாட்டுக்கு உடையவரு இருக்கீங்க, பெத்த மகனாவும் இருக்கீங்க. நீங்களே பாடுங்க சாமி."

வேற வழியில்லாம அவரு ஓலையைப் பிரிச்சாரு. "குருவி வெரட்டுன கையே, என் கண்ணே..." கெடக்குறதோ எம்பது வயசுக் கெழவி. ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடிச்சா. ராசா முகம் கறுத்துச்சு.

"ஓய், உம்ம தாய் எந்தக் காட்டுலய்யா குருவி வெரட்டுனா? ஓலையை வையும். அவளுக்குன்னு ஒரு வரி பாடும்."

ஒரு தடவை வாயைத் தெறந்தாரு, வரல. ரெண்டு தடவை தெறந்தாரு, வரல. மூணாந்தடவை அம்மாங்குற சொல்லு கூட வரல.

"நான்தான்யா மடையன்"னாரு ராசா. "படிச்சு வச்சவன் பிசகமாட்டான், பறிகொடுத்தவதான் பிசகுவா." அங்கேயே முத்திரை போட்ட ஓலையை வாங்கிக் கிழிச்சாரு, கவிராயர் பட்டத்தையும் பிடுங்கிட்டாரு.

அப்புறம் பொம்பளைங்க பாடுனாங்க. கெழவி வளத்த ஆட்டைச் சொன்னாங்க, தண்ணி மோந்து குடுத்த பக்கத்து வீட்டுக்காரியைச் சொன்னாங்க. மகன் பேரை மட்டும் யாரும் சொல்லல. பேரில்லாத மகனா அவரு பாடைக்குப் பின்னால நடந்தாரு.

சிலம்பாயி வீட்டுக்கு வந்தா. இனித் தடுக்க ஆளில்லை. வாசப்படியில உக்காந்து பாடுனா, தொண்டை கட்டுற வரைக்கும் பாடுனா. ஆனா அரும்பு அந்த வருச நாள்லயே வந்து நின்னு, பாட்டு கேக்காமத் திரும்பிப் போயிட்டாளே! தெரு வெறிச்சோடிக் கெடந்துச்சு. குடுத்த முத்திரையைக் கிழிக்க ராசாவால ஆச்சு, போன அந்த ஒரு நாளைக் கொண்டுவர யாரால ஆகும்?

அடுத்தவ அழுகையைத் தன் பேருல எழுதிக்கிட்டவன், தனக்கு அழுகை வந்தப்ப சொல்லில்லாம நின்னான். அம்புட்டுத்தான் கதை. கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் படுங்க.