சிலுப்பன் காத்த மொட்டைச் சரிவு

தீயில் வெந்து கருகிய ஒரு காட்டில், மழைக்காலம் தொடங்கும் முன்பு, மலைச்சரிவை விலங்குகள் நான்காகப் பிரித்துக்கொண்டன. வெள்ளைக் கற்களை உருட்டி வரிசையாக எல்லை போட்டது யானை.

"யாரும் எதையும் நடக்கூடாது. தானாக என்ன முளைக்கிறது என்று அவரவர் பகுதியைக் கவனியுங்கள். எங்கே காடு தானே திரும்புகிறது, எங்கே திரும்பவில்லை என்று அப்போதுதான் தெரியும். மழை பிடித்ததும் வருவேன். மொட்டையாகக் கிடக்கும் பகுதிக்கு ஆளை மாற்றிவிடுவேன்!"

மேல்பகுதி கரடிக்கு. ஓடைப்பக்கம் மானுக்கு. பாறைப்பக்கம் மரநாய்க்கு. நடுப்பகுதி சிலுப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு.

சிலுப்பனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அவன் குடியிருந்த வளை நடுப்பகுதியில்தான் இருந்தது. காவல் போனால் வளையும் போய்விடுமே!

"இனி ஓர் ஈகூட உள்ளே வர முடியாது!" என்று முட்களைச் சடசடவென்று ஆட்டினான்.

அத்திப்பழம் தின்ற கொண்டைக்குருவி ஒன்று வந்தது.

"சிலுப்பண்ணே, அந்தக் கரிக்கட்டை மேலே கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேனே!"

"கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்!"

நாவல்பழம் தின்று வாயெல்லாம் ஊதாவாக வந்தது கரடி.

"ஓடைக்குப் போக வேண்டும், இப்படிக் குறுக்கே போகிறேனடா."

"சுற்றிப் போங்கள் மாமா!"

அடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது மரநாய்.

"அண்ணே, அவசரம்! வழியை விடு!"

"என்ன அவசரம்?"

"அதை எப்படி வாயால் சொல்வது?"

"சீச்சீ! உன் பகுதியில் போய்ச் செய்!"

மரநாய் குதித்துக் குதித்து ஓடியது. சிலுப்பன் தன் தரையை வாலால் ஒருமுறை பெருக்கினான்.

மழை கொட்டியது. கரடியின் பகுதியில் நாவல் முளைத்தது. ஓடைப்பக்கம் இலந்தை. பாறை இடுக்கில்கூட அத்தி எட்டிப் பார்த்தது. நடுப்பகுதி மட்டும் கழுவிக் கவிழ்த்த சட்டி போல மின்னியது.

யானை வந்து பார்த்தது. "அடேயப்பா, என்ன சுத்தம்! ஒரு முளைகூட இல்லையே!"

"நான்தான் யாரையுமே விடவில்லையே!" என்று விசும்பினான் சிலுப்பன்.

மரநாய் உருண்டு உருண்டு சிரித்தது. "அண்ணே, எங்களையா விரட்டினாய்? எங்கள் வயிற்றுக்குள் இருந்த காட்டை அல்லவா விரட்டினாய்!"

சிலுப்பன் வாயைப் பிளந்தான். மறுநொடி எல்லைக் கல்மேல் ஏறி நின்று கூவினான்: "வாருங்கள், வாருங்கள்! யாருக்காவது அவசரமா? எனக்கு அருவருப்பே கிடையாது! மாமா, குறுக்கே போங்கள்! தம்பி, வயிறு கலக்குகிறதா?"

சரிவே சிரிப்பில் குலுங்கியது. யானைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"சரி, மழை முடியும்வரை பொறுக்கிறேன். இப்போது கொஞ்சம் தள்ளி நில். காலையில் விளாம்பழம் தின்றேன்."

"ஏன் தள்ளி..." என்று கேட்டு முடிப்பதற்குள், தொப்!

சிலுப்பனின் மூக்கும் நாலைந்து முட்களும் மட்டுமே வெளியே தெரிந்தன. "நன்றி!" என்றது அந்த மூக்கு.

மழைக்காலம் முடிவதற்குள், வளையின் வாசலிலேயே இரண்டு இலை விட்டது ஒரு விளாங்கன்று. யானை அதை மோந்து பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்கு நடந்தது. காவல் மாறவில்லை.

நீதி: கவனிப்பதற்காகப் போட்ட எல்லையை, வருகிறவர்களை விரட்டுவதற்குப் பயன்படுத்தாதே.