பேர் இல்லாத தங்கை

“என் தங்கச்சிய வெட்டப் போறேன் வாத்தியாரே. இன்னிக்கு ராஜா வேஷத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

துரைக்கண்ணு இதைச் சொன்னபோது வாத்தியார் முகம் முழுக்க சோப்பு நுரை. கூத்து ஜமா தங்கியிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். ஜமாவுக்கு அவர்தான் வாத்தியார். பெண் வேஷம் கட்டுகிறவரும் அவர்தான்.

“எதுக்கு?”

“வேற சாதிப் பையனக் கட்டிக்கினு செய்யாறுல வீடு எடுத்திருக்கா. மாமன் கார் எடுத்துக்கினு வராரு. ஹாரன் அடிச்சா நான் கெளம்பணும்.”

“அவ கிட்டப் பேசுனியா?”

“பேச என்னா இருக்கு? மானம்னு ஒண்ணு இருக்குல்ல? மீசைய மழிச்சிட்டு சேலை கட்டுறவருக்கு அதெல்லாம் புரியாது.”

பக்கெட் தண்ணீரை அப்படியே அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்கலாம். வாத்தியார் ஊற்றவில்லை. கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு கத்தியால் இன்னொரு இழுப்பு இழுத்தார்.

சோறு தின்றுகொண்டிருந்த கோமாளி மட்டும், “ராஜாவுக்குப் பகல்லயே வேஷம் ஏறிடுச்சு டோய்” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் ஆடுகிற கதை இதுதான். ராஜாவின் தங்கை தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள். ராஜா வாளை உருவிக்கொண்டு நாலு பக்கமும் போய் ஜனத்திடம், “வெட்டவா?” என்று கேட்பான். “வெட்டு!” என்று ஜனம் கத்தும். விசில் பறக்கும். வெட்டுவான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். ஊரைக் கேட்பான். பெரிய ராஜா!

அதற்கப்புறம் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பாடி அழுது, பைத்தியம் பிடித்துச் சாவான். அதைப் பார்க்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். வெட்டு விழுந்ததுமே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வெட்டத்தான் ஜனம் வேண்டும், அழுவதற்கு வேண்டாம்.

பதினோரு வருஷமாக துரைக்கண்ணுதான் ராஜா. வாத்தியார்தான் தங்கை. அத்தனை வெட்டும் அவர் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது.

“சரி, போ” என்றார் வாத்தியார். “போறதுக்கு முன்னாடி ஆட்டத்துல கேக்குற மாதிரி ஒரு தடவை கேட்டுட்டுப் போ.”

வேஷப் பெட்டியைத் திறந்து, ஜிகினா ஒட்டிய மர வாளை எடுத்து நீட்டினார்.

துரைக்கண்ணு வெடுக்கென்று வாங்கினான். வாள் கைக்கு வந்ததும் கால் தானாக அடவு போட்டது. நெஞ்சு விரிந்தது.

“வெட்டவா?”

ஜன்னல் அதிர்ந்தது.

“வெட்டு!” என்று பழக்கதோஷத்தில் கத்திவிட்டார் மிருதங்கக்காரர். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

“யாரை?” என்றார் வாத்தியார்.

“தங்கச்சிய.”

“கதையில அவளுக்குப் பேரு கெடையாது. எழுதுனவன் வைக்கல. பாடுன ஒருத்தனும் வைக்கல. உன் தங்கச்சிக்குப் பேரு இருக்குல்ல? அதச் சொல்லிக் கேளு.”

துரைக்கண்ணு வாளைக் கொஞ்சம் தாழ்த்தினான்.

“அந்தப் பேர வச்சது யாரு?”

“நான்தான்.” குரல் இறங்கிப்போயிருந்தது. “அப்பா கரும்பு வெட்டப் போயிருந்தாரு. நர்ஸம்மா பேர் கேட்டாங்க. நான் மூணாவது படிச்சிட்டிருந்தேன். வாயில வந்ததச் சொன்னேன்.”

வாத்தியார் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டார். ஆட்டத்தில் தங்கை மண்டி போடுகிற மாதிரியே அவன் எதிரில் மண்டி போட்டார். ஒரு கன்னம் மழமழவென்றிருந்தது. இன்னொரு கன்னத்தில் நுரை. வாளின் நுனியைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார்.

“பதினோரு வருஷமா என்னை வெட்டுற. ஒரு தடவை கூட மொகத்தப் பாத்ததில்ல. ஜனத்தத்தான் பாப்ப. இன்னிக்குப் பாரு. பாத்துக்கினே பேரச் சொல்லு. சொல்லிட்டு வெட்டு.”

வாசலில் ஹாரன் அடித்தது.

“டேய் தொரை!” மாமன் குரல். “ஆம்பளையா இருந்தா வந்து ஏறுடா!”

“ஏறிக்கலாம்” என்றார் வாத்தியார். “மொதல்ல பேரச் சொல்லு.”

துரைக்கண்ணு வாயைத் திறந்தான்.

“செவ்...”

மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கோமாளி பிசைந்த சோற்றைக் கையிலேயே வைத்திருந்தான். மறுபடி ஹாரன். இந்தத் தடவை விடாமல் அடித்தது.

மர வாள்தான். வெட்டினால் வெங்காயம்கூட அறுபடாது. வெட்டச் சொன்னார் வாத்தியார். ஏறச் சொன்னார் மாமன்.

அவன் வெட்டவும் இல்லை, ஏறவும் இல்லை.