நாற்காலியைத் திட்டுகிற காட்சி

"ஊரே சிரிக்குதும்மா. எங்க அக்கா மட்டும் என்கிட்ட பேச மாட்டேங்குறா."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் வந்து நின்றான் தத்தேயோ.

இத்தாலியில் ஒரு துறைமுக ஊர். அங்கே சிரிப்பு நாடகம் எழுதுகிறவன் அவன். அவனுக்கு எழுதச் சொல்லிக் கொடுத்தவள் பெலீச்சியா. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டவள். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். ஆனாலும் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவான்.

பெலீச்சியா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்ன எழுதித் தொலைச்சே?"

"ஒரு விதவை. தினம் ரெண்டு தட்டு வைப்பா. எதிர்ல புருஷனோட நாற்காலி, காலியா இருக்கும். அதைப் பார்த்துத் திட்டுவா."

"அது உங்க அக்காதானே?"

தத்தேயோ தலை குனிந்தான்.

அக்கா பெயர் நீவெஸ். அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவள் புருஷன் படகோடு போனவன். நாலு வருஷமாகிறது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

"பேரை மாத்தித்தானம்மா எழுதினேன்."

"தட்டை மாத்தினியா?"

"இல்லை."

அந்த ஊர்க் கொட்டகையில் படகுக்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டாம், சும்மாவே பார்க்கலாம். அவர்கள் சிரித்தால்தான் நாடகம் ஓடும். முதல் நாளே பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் நீவெஸ் தண்ணீர் எடுக்கப் போனாள். படகில் இருந்து ஒருத்தன் கூப்பிட்டான்.

"என்னக்கா, மச்சான் இன்னைக்காவது சாப்பிட்டாரா?"

கூட இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் ஒரு தட்டுதான் வைக்கிறாள். யாரோடும் பேச்சில்லை. நாற்காலியோடும் இல்லை.

"நாடகத்தை நிறுத்திட்டேம்மா. அவ கால்ல விழுந்தேன். பேசலை. ரெண்டாவது தடவையும் விழுந்தேன். காலை இழுத்துக்கிட்டா. இனிமே நான் என்ன செய்யணும்? நீங்களே சொல்லுங்க."

"அந்தக் காட்சியை நடிச்சுக் காட்டு."

"இப்பவா? எனக்கு வாயே வராதும்மா."

"நடி."

ஒரு முக்காலியை எதிரே இழுத்துப் போட்டான். இடுப்பில் கை வைத்தான். குரலை மாற்றிக்கொண்டான்.

"இந்தாங்க! சோளக்களி ஆறிப்போகுது. கடல்ல அப்படி என்ன வேலை உங்களுக்கு? மீனுக்குச் சவரம் பண்றீங்களா? வந்து உட்கார்ந்தாலும் வாயைத் திறக்கிறதில்லை. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான். அப்பவாவது தட்டு காலியாகும்!"

பெலீச்சியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம்?"

"அப்புறம் திரை விழுந்துடும்மா."

"உங்க அக்கா வீட்ல ஏதுப்பா திரை?"

அவன் முக்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளினான்.

"இதையெல்லாம் நீ எங்கே நின்னு கேட்டே?"

"கதவுக்கு வெளியே. அன்னைக்கு அங்கே சாப்பிடலாம்னு போனேன். அவ பேசறது காதுல விழுந்தது. உடனே வீட்டுக்கு ஓடினேன்."

"சாப்பிடாமலா?"

"எழுதணுமே. நல்ல வசனம். மறந்துபோயிட்டா?"

"அப்ப, அதுக்கப்புறம் அவ என்ன பேசினா?"

"தெரியாதும்மா."

பெலீச்சியா மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"என்கிட்ட நிக்காதே. அதை அவகிட்ட போய்க் கேளு."

அவன் போனான்.

நீவெஸ் அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒரு தட்டு இருந்தது. நாற்காலியைச் சுவர் ஓரமாகத் திருப்பிப் போட்டிருந்தாள்.

இந்தத் தடவை அவன் காலில் விழவில்லை. நாற்காலியிலும் உட்காரவில்லை. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா."

கரண்டி சுற்றிக்கொண்டே இருந்தது.

"அன்னைக்கு நான் வெளியே நின்னேன். பாதியிலேயே போயிட்டேன். அதுக்கப்புறம் மச்சான்கிட்ட என்ன பேசினே?"

கரண்டி நின்றது.

அவள் வாயைத் திறந்தாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல்.

"உன் பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியாதா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"தம்பி வாசல்ல நிக்கிறான், பசியோட வந்திருப்பான், இன்னைக்கு ஒரு நாள் உங்க தட்டை அவனுக்குக் கொடுக்கட்டுமான்னு கேட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர் வேண்டாம்னு சொல்லலை. வந்து கதவைத் திறந்தேன்."